தோட்டத்து வீட்டுக் கணக்கில் பணவீக்கத்தை அளப்பது எப்படி?

பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் கேட்டதும், அப்படியானால் கோதுமை மாவின் விலை ஏன் இறங்கவில்லை என்ற கேள்வி இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து வீடுகளில் எழுவது இயல்பே. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். விலை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அது சொல்வதில்லை. சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போது நமக்குத் தேவைப்படுவது அந்த உயரமே என்பதால், அதை நாமே கணக்கிடப் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் எந்தச் சுட்டெண்ணை, அதாவது ஓர் அடிப்படைக் காலத்தின் விலையை 100 என்று வைத்து மற்றக் காலங்களின் விலையைக் காட்டும் எந்த எண்ணைப் பார்க்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் இரண்டு சுட்டெண்களை வெளியிடுகிறது. செய்திகளில் முந்திக்கொண்டு வரும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், கொழும்பு மாவட்டத்து நகர்ப்புற வீடுகளின் செலவை வைத்து அமைக்கப்பட்டது. அதில் உணவின் பங்கு ஏறத்தாழ கால்வாசிதான். அடுத்த மாதத்தில் வெளியாகும் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் நாடு முழுவதையும் உள்ளடக்குவதால் அதில் உணவுக்கு அதிக இடம் உண்டு. வருமானத்தின் பெரும்பகுதி அரிசிக்கும் மாவுக்கும் போகும் வீட்டுக்கு இரண்டாவதே நெருக்கமானது.

அடுத்து, முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுச் சொல்லப்படும் ஆண்டு வீதங்களைத் தனித்தனியே படிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கிப் பாருங்கள். செய்திகளில் கேட்ட கொழும்புச் சுட்டெண்ணையே உதாரணமாக எடுத்தால், 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். உணவை மட்டும் எடுத்தால் 94.9. ரூபாயின் வீழ்ச்சி, எரிபொருள் தட்டுப்பாடு, இரசாயன உரத் தடைக்குப் பின் குறைந்த விளைச்சல் என எல்லாம் ஒரே ஆண்டில் வந்து விழுந்த காலம் அது. 2023 செப்டெம்பரில் வீதம் 1.3 ஆயிற்று, 2024 செப்டெம்பரில் பூச்சியத்துக்கும் கீழே 0.5 சதவீதம் இறங்கியது. இப்போது 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சரக்கைப் பின்தொடருங்கள்: ஓராண்டில் ஏறத்தாழ 170 ரூபாய், மறு ஆண்டில் 172, அதற்கடுத்து 171. வேகம் அடங்கியது, ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. மத்திய வங்கியின் இலக்கும் விலையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவதன்று. ஆண்டுக்கு 5 சதவீத அளவில் ஏற்றத்தை வைத்திருப்பதே அதன் இலக்கு.

இதன் பக்கத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை வையுங்கள். 2021இல் 1000 ரூபாயாக இருந்தது, 2024 செப்டெம்பரில் 1350 என்று தீர்மானிக்கப்பட்டது. விலை 71 சதவீதம் ஏறிய காலத்தில் கூலி ஏறியது 35 சதவீதம். பழைய 1000 ரூபாயின் பெறுமதியைத் தக்கவைக்கவே 1710 ரூபாய் வேண்டியிருந்தது.

இனி உங்கள் வீட்டுக்கான சுட்டெண்ணை அமைக்கலாம். கடையில் வாங்கியதை எழுதிவைக்கும் கடைக் கொப்பி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு சாதாரண மாதத்தைத் தெரிந்தெடுத்து, மா, அரிசி, பருப்பு, சீனி, தேங்காய், எண்ணெய், பஸ் கட்டணம், மின்கட்டணம் ஆகியவற்றின் அளவையும் விலையையும் எழுதிக் கூட்டுங்கள். தீபாவளி மாதத்தை எடுக்க வேண்டாம். பின்னர் அதே அளவுகளை இன்றைய விலையால் பெருக்கிக் கூட்டி, பழைய தொகையால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். உதாரணமாக, 14,000 ரூபாய்ச் சரக்கு இன்று 25,200 ரூபாய் என்றால் உங்கள் சுட்டெண் 180.

அளவை மாற்றக் கூடாது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். எங்கள் வீட்டுக் கொப்பியில், மஞ்சள் கறை படிந்த 2021ஆம் ஆண்டுப் பக்கத்தில் பருப்பு 2 கிலோ என்றிருக்கிறது. அடுத்த ஆண்டின் கடைசிப் பக்கங்களில் அது 500 கிராம். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் செலவு அவ்வளவாக ஏறவில்லை என்றே தோன்றும். ஏறாததற்குக் காரணம், பருப்புக்கறியில் தண்ணீர் கூடியதும், இரவுச் சாப்பாடு வெறும் ரொட்டியும் சம்பலும் ஆனதும்தான். குறைத்துச் சாப்பிட்டதைச் சேமிப்பு என்று கணக்கு எழுதிவிடக் கூடாது. பக்கற்றில் வரும் பொருட்களுக்கும் இது பொருந்தும். விலை மாறாமல் எடை குறைந்திருக்கலாம் என்பதால் கிலோவுக்கு எவ்வளவு என்று மாற்றியே எழுதுங்கள்.

மரக்கறி விலை மழையோடு ஏறி இறங்குவதால் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவது நல்லது. வருமானப் பக்கத்தில் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளத்தை எழுதாமல், சம்பளத்துண்டில் கழிவுகள் போகக் கைக்கு வந்த தொகையை எழுதுங்கள். எத்தனை நாள் வேலை கிடைத்தது, எத்தனை நாள் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்தது என்பதெல்லாம் அந்தத் தொகையில்தான் தெரியும். அதையும் முதலில் தெரிந்தெடுத்த அடிப்படை மாதத்துக்கு 100 என்று வைத்துச் சுட்டெண்ணாக்கி, விலைச் சுட்டெண்ணால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். வருமானம் 135, விலை 180 என்றால் விடை 75. அன்று நான்கு மூடை வாங்கிய உழைப்புக்கு இன்று மூன்று மூடைதான் வருகிறது.