நேரலைக்கு இரண்டு போன்

கிராமத்து ஆலயத்தில் நேரலை அடிக்கடி அறுந்துபோகிறதா? சிம்மும் வாட்ஸ்அப்பும் இல்லாத போனில் ஆராதனையைப் படம் எடுங்கள். சிம் உள்ள இன்னொரு போனை, சிக்னல் நன்றாக வரும் ஜன்னல் திட்டில் ஹாட்ஸ்பாட்டாக, அதாவது முதல் போனுக்கு வைஃபை வழியாக நெட் கொடுக்கும்படி, வையுங்கள். தகரக் கூரையும் கனமான கல் சுவரும் சிக்னலைத் தடுக்கும். ஜன்னலோரம் அந்தத் தடை குறைவு. பிரசங்கத்தின் நடுவே படம் எடுக்கும் போனுக்கு அழைப்பும் வராது. அப்புறம், தரத்தை 480பி-க்குக் குறையுங்கள். நேரலை நொடிக்கு 1 மெகாபிட் டேட்டா எடுத்தால், ஒன்றரை மணி நேர ஆராதனை 700 எம்பிக்குள் முடிந்துவிடும். படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, வீட்டில் படுத்திருக்கும் பாட்டிக்கு வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும்.

ஜன்னலிலும் ஒரு கோடுதான் சிக்னல் என்றால் இது உதவாது. பதிவு செய்து, சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் ஏற்றிவிடுங்கள்.