பொட்டலில் பறவை பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீர், தொப்பி, ஷூ எல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். காரைக்குடி, திருப்பத்தூர் பக்கத்துச் செம்மண் பொட்டல்களுக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் ஆரம்பத்தில் செய்ததையே திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன்.

கத்துகிற பறவையை நெருங்குவது

பெரும்பாலோர் பழகுவது வேட்டங்குடியில். 1977-இல் சரணாலயமான அந்தக் கண்மாய்களில் நாரையும் கொக்கும் மரத்தில்தான் கூடு கட்டும். கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லை. அங்கே சீசன் முடிந்ததும் கேமராவோடு பொட்டலுக்கு வருகிறார்கள். மஞ்சள்மூக்கு ஆள்காட்டி தரையில் முட்டையிடும் காலம் அது.

போன பங்குனியில் ஒரு தம்பி ட்ரைபாடை ஊன்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஆள்காட்டி கத்திக்கொண்டே சுற்றியது.

“பயப்படவே இல்லண்ணே, கிட்டயே வருது.”

“காலை நகட்டாதீங்க தம்பி, கீழ பாருங்க.”

ட்ரைபாட் காலுக்கு ஒரு சாண் தள்ளி நான்கு முட்டைகள். சுள்ளி இல்லை, வைக்கோல் இல்லை. மண்ணில் லேசான பள்ளம், சுற்றிலும் சரளை. மண் நிறத்தில் கருந்திட்டு. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் எது கல், எது முட்டை என்று தெரியாது.

மிதிபடுவதைவிடப் பெரிய ஆபத்து வெயில். உச்சிவேளையில் பறவை முட்டைமேல் உட்கார்வது நிழல் கொடுக்க. வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்து வந்தும் குளிரவைக்கும். அந்த நேரத்தில் நாம் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு வெந்து சாகும். எடுத்தவர் படம் நன்றாக வந்ததென்று போய்விடுவார். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த கோடையில் இன்னொருவர் அதையே செய்கிறார். எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

பறவை கத்தினால் நில்லுங்கள். காலடியைப் பாருங்கள். வந்த தடத்திலேயே திரும்புங்கள். பக்கத்தில் காகம் இருந்தால் முட்டைப் பக்கம் குனியவே வேண்டாம்.

கூடு இருக்கும் இடத்தை வாட்ஸப்பில் போடுவது

போடாதீர்கள்.

பைக்கைப் புல்லுக்குள் இறக்குவது

வண்டித்தடத்தை விட்டு இறங்க வேண்டாம்.

மரக்கன்று நடுவது

நல்ல எண்ணத்தோடுதான் கொண்டு வருகிறார்கள். ஆனால் வானம்பாடி புல் தூருக்கு அடியில் கூடு வைக்கிற பறவை. மரம் வளர்ந்தால் காகத்துக்கும் வல்லூறுக்கும் உட்கார்ந்து நோட்டம் விட இடம் கிடைக்கும். கன்றை ஊருணிக் கரையில் நடுங்கள். ஐப்பசி மழையில் மண் இளகியதும், பொட்டலில் முளைக்கிற சீமைக்கருவேலத்தைப் பிடுங்க வாருங்கள். அதற்குத்தான் ஆள் போதவில்லை.