ஃப்ரீசர்ஃபர் வெர்ஷன்களை ஒப்பிடுகிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருளை வைத்து, எம்ஆர்ஐ ஸ்கேனிலிருந்து மூளைப் புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) தடிமனை அளக்கப் புதிதாக வருகிறவர்கள் வருடா வருடம் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தலை அசைந்த ஸ்கேனை ஒதுக்குவது போன்றவற்றை எல்லோரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாதி பழையதில், பாதி புதியதில்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆய்வு பாதியில் இருக்கும்போது சர்வரில் ஃப்ரீசர்ஃபர் வெர்ஷன் 6 போய் 7 வரும். முடிந்தது முடிந்ததாக இருக்கட்டும், மீதியைப் புதியதில் ஓட்டலாம் என்பார்கள். ஓர் ஆளுக்கே பல மணி நேரம் ஓடும் வேலை, திரும்பச் செய்ய மனம் வராதுதான். ஆனால் க்ரோனென்ஷில்ட் குழுவினர் 2012-இல் ஒரே ஸ்கேன்களை 4.3.1, 4.5.0, 5.0.0 என மூன்று வெர்ஷன்களில் ஓட்டிப் பார்த்தபோது, தடிமனில் சராசரியாக 2.8 சதவீதம், கன அளவில் 8.8 சதவீதம் வித்தியாசம் வந்தது. புறணியின் சராசரித் தடிமன் சுமார் 2.5 மி.மீ. அதில் 2.8 சதவீதம் என்றால் 0.07 மி.மீ. நோயாளிகளிடம் நாம் தேடுகிற மெலிவே பல நேரம் அவ்வளவுதான்.

ஒரு மாணவி, நோயாளிகளுக்கு மூளையின் டெம்போரல் (பொட்டுப்பக்க) பகுதியில் புறணி மெலிந்திருப்பதாகப் பளிச்சென்ற வண்ணப் படம் கொண்டுவந்தார். ஒவ்வொருவரின் ஃபோல்டருக்குள்ளும் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஒன்று உண்டு. அதிலுள்ள 'பில்ட் ஸ்டாம்ப்' கோப்பு எந்த வெர்ஷன் ஓடியது என்று சொல்லிவிடும். வரிசையாகத் திறந்தோம். நோயாளிகள் அத்தனை பேரும் 6, கன்ட்ரோல்கள் (ஒப்பீட்டுக்கான நோயில்லாதவர்கள்) அத்தனை பேரும் 7. நோயாளிகளை முதலில் சேர்த்திருந்தார்கள், வேறு காரணமே இல்லை. எல்லோரையும் ஒரே வெர்ஷனில் ஓட்டியதும் அந்த வண்ணத் திட்டு மறைந்துவிட்டது.

வெர்ஷனைக் கோவேரியேட்டாக, அதாவது கணக்கில் அதன் தாக்கத்தைக் கழிக்கும் கூடுதல் மாறியாக, போட்டால் போதாதா என்று கேட்டார். போதாது. நோயும் வெர்ஷனும் இப்படி ஒட்டிக்கொண்டு நின்றால் எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. இரு குழுவிலும் இரண்டு வெர்ஷனும் கலந்திருந்தாலும் சிக்கல் தீராது, ஏனென்றால் வித்தியாசம் பகுதிக்குப் பகுதி மாறும்.

புதியது என்றாலே துல்லியம் என்று நம்புவது

ஒரே ஆளை இரண்டு முறை ஸ்கேன் செய்து ஒரே எண் வந்தால் அது நிலைத்தன்மை. துல்லியம் வேறு. இரண்டு முறையும் ஒரே தப்பு நடந்திருக்கலாம். ஃப்ரீசர்ஃபரோடு வரும் ஃப்ரீவியூ என்ற படம் பார்க்கும் கருவியில், இரு வெர்ஷன்களும் வரைந்த புறணி எல்லைக் கோடுகளையும் ஒரே ஸ்கேன் மேல் போட்டு ஸ்லைஸ் ஸ்லைஸாகப் பாருங்கள். டெம்போரல் முனையிலும், டெம்போரல் பகுதியின் உட்பக்கம் உள்ள என்டோரைனல் பகுதியிலும் நிதானமாக நில்லுங்கள். வெளிக்கோடு, மூளையைச் சுற்றியுள்ள டூரா சவ்வுக்குள் ஏறியிருந்தால், கூடுதலாகத் தெரிகிற தடிமன் புறணியே இல்லை.

ஒட்டுறவை (கோரிலேஷன்) மட்டும் காட்டுவது

எல்லோருக்கும் 0.1 மி.மீ. கூட்டிச் சொல்கிற வெர்ஷனுக்கும் ஒட்டுறவு 1 வரும். இரு வெர்ஷன்களின் எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தையே காட்டுகிற பிளாண்ட்-ஆல்ட்மன் படம் போடுங்கள்.

பழைய ஃபோல்டர் மேலேயே ஓட்டுவது

வேண்டாம். பழைய கைத்திருத்தங்கள் உள்ளே கிடக்கும். மூல ஸ்கேனிலிருந்து தொடங்குங்கள்.

மேக்கில் கொஞ்சம், லினக்ஸில் கொஞ்சம்

கூடவே கூடாது. அதே 2012 ஆய்வில் மேக் ஓஎஸ் 10.5-இலிருந்து 10.6-க்குப் போனதற்கே எண்கள் மாறின.