குளிர் வருமுன் டிரைவ்வேயை ஒரு சுற்றுப் பாருங்கள்

கனடாவில் வீட்டு டிரைவ்வே, அதாவது தெருவிலிருந்து கராஜ் வரை வண்டி ஏறும் தார்ப் பாதை, பழுதாவதற்கு வண்டியின் பாரத்தைவிடத் தண்ணீர்தான் பெரிய காரணம். விரிசலுக்குள் இறங்கிய நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும். குளிர்காலம் முழுக்க உறைவதும் உருகுவதுமாக இருந்தால், வசந்தத்தில் அந்த விரிசல் அகலமாகித்தான் இருக்கும்.

அதனால் செப்டம்பரிலேயே, மழை விட்டுத் தரை காயத் தொடங்கியதும் வெளியே போய்ப் பாருங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் கோடு கோடாக ஈரம் நிற்கிறதா? அங்கெல்லாம் விரிசல் இருக்கிறது. கராஜ் வாசலையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுப் பக்கம் நீர் தேங்கினால் அஸ்திவாரத்துக்கே கேடு.

விரிசலில் முளைத்த புல்லை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கூட்டியெடுத்து, நன்றாகக் காய்ந்ததும் விரிசலை அடைக்கும் ரப்பர் கலந்த ஃபில்லரை ஊற்றுங்கள். மேற்பரப்பு முழுக்க நீர் இறங்காமல் காக்கும் சீலரைப் பூசுவது அப்புறம்தான். அதற்கு 10 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பமும் மழையில்லாத ஓரிரு நாளும் வேண்டும். எஞ்சின் ஆயில் கறையை முதலில் கழுவுங்கள், இல்லாவிட்டால் அங்கே சீலர் பிடிக்காது. வருடா வருடம் பூசுவது வீண்செலவு. தடித்துப்போய் உரியத் தொடங்கும்.

முதலைத் தோல் போல வெடித்த இடத்தில் அடித்தளமே போயிருக்கும். அங்கே ஃபில்லர் ஊற்றிப் பயனில்லை. வெட்டியெடுத்துப் புதிதாகத்தான் போட வேண்டும்.