கழித்தல் கதைக் கணக்குகளைக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது எப்படி?

சிலேட்டில் "9 − 4" என்று எழுதிக் கொடுத்தால் விரல்விட்டு எண்ணி 5 என்று சொல்லிவிடும் இரண்டாம் வகுப்புக் குழந்தை, அதையே கதையாகச் சொன்னதும் "கூட்டலா, கழித்தலா?" என்று நம் முகத்தைப் பார்க்கிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிடாமல் இருப்பதுதான் கற்பிப்பவரின் முதல் வேலை. குழந்தைக்குக் கழிக்கத் தெரியும். கதையில் என்ன நடந்தது என்பதுதான் பிடிபடவில்லை. வீட்டில் சொல்லிக் கொடுப்பதற்கு இருபது புளியங்கொட்டை, ஒரு கிண்ணம், ஒரு சிலேட்டு இருந்தால் போதும்.

முதல் படி: எண் இல்லாத கதை

"அம்மா சந்தையிலிருந்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வந்தார். அதில் கொஞ்சத்தை எடுத்துக் குழம்புக்கு நறுக்கினார். கூடையில் இருந்த காய் இப்போது கூடியிருக்குமா, குறைந்திருக்குமா?" என்று எண்ணே சொல்லாமல் கேளுங்கள். குறைந்திருக்கும் என்று சொன்ன குழந்தையை, கதையைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். மேல்விஷாரம், பேரணாம்பட்டுப் பகுதிகளில் வீட்டில் உருது பேசும் குழந்தைகள் பலர் உண்டு. அவர்கள் கதையை முதலில் வீட்டு மொழியில் சொல்லிப் பார்த்துவிட்டுத் தமிழில் சொல்வதைத் தடுக்க வேண்டாம். திருப்பிச் சொல்ல முடியாத கதையில் எண்களைப் போடுவதால் பயனில்லை.

இரண்டாம் படி: கொட்டை, படம், குறி

இப்போது எண்களைச் சேர்க்கலாம்: காய்கள் 9, நறுக்கியவை 4. குழந்தையே ஒன்பது கொட்டைகளை எண்ணி வைத்து நான்கை எடுக்கட்டும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடுத்த நான்கையும் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மீதி எத்தனை என்று கேட்டதும் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணி "ஒன்பது" என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. எடுத்ததைக் கிண்ணத்தில் போட்டு அதைக் கையால் மூடிக்கொள்ளச் சொன்னால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கொட்டையில் தெளிந்த பிறகு சிலேட்டில் ஒன்பது வட்டம் வரைந்து நான்கை அடிக்கட்டும்; அதற்கும் பிறகே 9 − 4 = 5 என்று எழுதட்டும். கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியாக எழுதுவது என்ற இந்த வரிசை, அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் விளக்கிய மூன்று நிலைகளை ஒட்டியது.

மூன்றாம் படி: ஒப்பிடும் கதை

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான், ஏனென்றால் இந்தக் கதையில் எதுவும் எடுக்கப்படுவதில்லை. "8 பிள்ளைகள் இருக்கிறார்கள், 5 ஆற்காடு மக்கன் பேடா இருக்கின்றன, பேடாவைவிடப் பிள்ளைகள் எத்தனை பேர் அதிகம்?" என்று கேட்டால் குழந்தை "எட்டு" என்று சொல்லி நிறுத்திவிடும், அல்லது "அதிகம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கூட்டிவிடும்.

1983இல் ஹட்சன் என்ற ஆய்வாளர் பறவைகளும் புழுக்களும் உள்ள படங்களைச் சிறுகுழந்தைகளிடம் காட்டி, புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று கேட்டபோது மழலையர் பள்ளிக் குழந்தைகளில் 17 விழுக்காட்டினரே சரியாகச் சொன்னார்கள்; எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது என்று மாற்றிக் கேட்டபோது 83 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். படம் மாறவில்லை, கேள்வி மட்டுமே மாறியது. ஆகவே நாமும் "எத்தனை பிள்ளைகளுக்குப் பேடா கிடைக்காது?" என்றே தொடங்கலாம். எட்டுக் கொட்டைகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர் கீழே ஐந்து கொட்டைகளை இன்னொரு வரிசையாகவும் அடுக்கினால், ஜோடி இல்லாத மூன்றும் கண்ணுக்கே தெரிந்துவிடும். சில நாள் இப்படிப் பழகிய பின், அதே வரிசைகளைக் காட்டி "எத்தனை அதிகம்?", "எத்தனை குறைவு?" என்ற கேள்விகளுக்கு வரலாம். இதை அவசரப்படுத்தாதீர்கள்.

நான்காம் படி: நடுவில் மறைந்த எண்

காட்பாடியிலிருந்து பாகாயம் செல்லும் டவுன் பஸ்ஸில் 7 பேர் இருந்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் சிலர் ஏறியதும் 12 பேர் ஆனார்கள். ஏறியவர்கள் எத்தனை பேர்? "ஏறினார்கள்" என்றதும் 7ஐயும் 12ஐயும் கூட்டி 19 என்று எழுதும் குழந்தையிடம், "மொத்தமே 12 பேர் இருக்கும் பஸ்ஸில் 19 பேர் எப்படி ஏறியிருப்பார்கள்?" என்று கேட்டாலே போதும், அதுவே சிரித்துக்கொண்டு திருத்திவிடும். ஏழு கொட்டைகளை வைத்து, பன்னிரண்டு ஆகும்வரை சேர்த்துக்கொண்டே போய், சேர்த்தவற்றை மட்டும் எண்ணட்டும். 12 − 7 என்று எழுதுவது அதன் பிறகு.

"மீதி என்று வந்தால் கழி, மொத்தம் என்று வந்தால் கூட்டு" என்ற குறுக்குவழியைச் சில பெற்றோர் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை நான் அறவே தவிர்க்கச் சொல்வேன். "செல்வி 4 பேடா சாப்பிட்டாள், மீதி 6 இருக்கிறது, முதலில் எத்தனை இருந்தன?" என்ற கணக்கில் மீதி என்ற சொல் இருக்கிறது, ஆனால் விடையோ கூட்டினால்தான் வரும்.

இந்த நான்கு படிகளும் பழகும்வரை எண்களை 20க்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைத் தனியாக, கதை இல்லாமல் கற்பித்துவிட்டுப் பிறகு சேர்க்கலாம். இடையிடையே "12 − 5க்கு நீயே ஒரு கதை சொல்" என்று கேட்டுப் பாருங்கள். எப்போதும் எடுக்கும் கதையையே சொல்லும் குழந்தைக்கு மூன்றாம் படியில் இன்னும் சில நாள் பயிற்சி தேவை.