டி செல்லின் சமிக்ஞைப் பாதையை வரைவது எப்படி: லாட்டிலிருந்து தொடங்குங்கள்

குன்னூரில் சாயங்காலம் என்னிடம் படிக்க வரும் பி.எஸ்சி. பிள்ளைகள், டி செல் என்ற நோயெதிர்ப்பு வெள்ளையணுவுக்குள் செய்தி போகும் இந்தப் பாதையை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்திருப்பார்கள். ஏற்பி (செய்தியை வாங்கும் புரதம்), எல்சிகே, ஜாப்-70 என்ற என்சைம்கள், கால்சியம் என்று கடகடவென ஒப்பிப்பார்கள். நடுவில் ஒன்றைக் கேட்டால் நின்றுவிடும். நான் வேறு மாதிரி வரையச் சொல்வேன்.

என்சைம்களை முதலில் ஒதுக்கி வையுங்கள். முழுத்தாளில் குறுக்கே ஒரு கோடு, அது செல்லின் சவ்வு. அதைத் துளைத்து உள்ளே நீண்ட வாலோடு லாட் புரதம். பென்சிலில் மட்டும் வரையுங்கள். வாலில் நான்கு புள்ளிகள்: 132, 171, 191, 226. மனித லாட்டில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் முக்கியமான இடங்கள் இவை. 1998இல் லாரன்ஸ் சாமெல்சனின் குழு அமெரிக்காவில் பிரித்தறிந்த இந்த லாட் ஓர் அடாப்டர் புரதம். தானாக எந்த வேதிவினையும் செய்யாது. நம்ம ஊர்த் தேயிலை ஏலத்தில் தரகர் தூளைத் தயாரிப்பதில்லை, தனக்காக வாங்குவதும் இல்லை. இரு தரப்பையும் சேர்த்துவைப்பவர் அவர்தான். லாட்டும் அப்படித்தான்.

அப்புறம் ஏற்பி. ஆன்டிஜென் (கிருமி போன்ற அந்நியப் பொருளின் துணுக்கு) பட்டதும் எல்சிகே, ஏற்பியோடு சேர்ந்திருக்கும் சிடி3 புரதங்களின் வால்களில் பாஸ்பேட் வைக்கும். அங்கே ஜாப்-70 வந்து ஒட்டி, லாட்டின் புள்ளிகளில் பாஸ்பேட் வைக்கும். இங்கே அதிக நேரம் வேண்டாம்.

நிதானமாக வரைய வேண்டியது லாட்டைச் சுற்றிச் சேரும் கூட்டத்தை. 132இல் பிஎல்சி காமா-1 என்ற என்சைம். மற்ற மூன்றில் கிராப்2, காட்ஸ் என்ற அடாப்டர்கள். கிராப்2 தன்னோடு சாஸ் என்ற புரதத்தைக் கூட்டி வந்து, செல் பெருகத் தூண்டும் ராஸ் பாதையைத் திறக்கும். காட்ஸ் கூட்டி வருவது எஸ்எல்பி-76 என்ற இன்னொரு அடாப்டரை. அது பிடித்து வைத்திருக்கும் ஐடிகே என்ற என்சைம்தான் பக்கத்திலிருக்கும் பிஎல்சி காமா-1ஐ முடுக்கிவிடுகிறது. பிறகுதான் கால்சியம் ஏறி, கால்சிநியூரின் என்ற என்சைம் வழியாக, மரபணுக்களை இயக்கும் என்ஃபாட் புரதம் உட்கருவுக்குள் போகிறது.

சரி, இப்போது ரப்பர். லாட்டை முழுதாக அழியுங்கள். லாட் இல்லாத எலிகளில் டி செல்கள், தாங்கள் முதிரும் தைமஸ் சுரப்பியிலேயே வளர்ச்சி நின்றுபோகின்றன. மறுபடி வரைந்து, 132ஐ மட்டும் அழியுங்கள். எலியில் அது 136. தாக்கம் குறையும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். கால்சியம் குறைவது உண்மைதான். ஆனால் அந்த எலிகளில் சிடி4 என்ற வகை டி செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கிவிடுகின்றன! முடுக்குவது மட்டுமல்ல, அடக்குவதும் லாட் வழியாகத்தான் நடக்கிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது.

எதிர்ப்பொருள் உருவாக்கும் பி செல்லுக்கு வரையும்போது எஸ்எல்பி-76 இருந்த இடத்தில் பிளிங்க் என்ற அடாப்டரைப் போடுங்கள்.

இங்கே 1907இல் தொடங்கி, வெறிநாய்க்கடித் தடுப்பூசி தயாரித்த பாஸ்டர் நிறுவனத்தை வைத்து ஒரு பயிற்சியும் தருவேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு நல்ல எதிர்ப்பொருள் உருவாக, பி செல்லுக்கு டி செல்லின் உதவி வேண்டும். அந்த உதவிக்குத் தேவையான சாப் என்பதும் ஓர் அடாப்டர்தான். அதை டி செல்லுக்குள் வரைந்து, ரப்பரால் அழித்து, பி செல்லில் என்னென்ன குறையும் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.