லாரி சாவி யார் பையில் இருக்க வேண்டும்?

ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் லோடு ஏற்றி இறக்கும் மேடை என் பொறுப்பில் இருந்தது. அங்கே பெரிய தலைவலி, லோடு முடியும் முன்பே லாரி கிளம்பிவிடுவது. பக்கத்து வண்டிக்கு யாரோ "ரைட், ரைட்" என்பார்கள். இந்த டிரைவர் தனக்குத்தான் என்று கியர் போட்டுவிடுவார். லாரிக்கு உள்ளே சரக்கு தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்ட் இருக்கும். 3 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டின் சொந்த எடையே சுமார் 4 டன். லாரி நகர்ந்து, மேடைக்கும் லாரிக்கும் நடுவே விழும் இடைவெளியில் அது கவிழ்ந்தால் ஓட்டுபவர் பிழைப்பது கஷ்டம்.

எச்சரிக்கைப் பலகை மாட்டிப் பார்த்தோம். யார் படிக்கிறார்கள்? அப்புறம் லாரி சாவியை வாங்கி ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரின் சட்டைப் பையிலேயே போடச் சொன்னேன். அவர் இறங்கி வந்து கொடுத்தால்தான் வண்டி நகரும். டிரைவர்கள் முதலில் முறைத்தார்கள். உட்கார மின்விசிறியும் டீயும் வந்ததும் சரியானார்கள்.

டூப்ளிகேட் சாவி வைத்திருப்பவர்களும் உண்டு. அதனால் பின்சக்கரங்களுக்கு முன்னால் ரப்பர் கட்டை. மேடைச் சுவரில் சங்கிலியால் கட்டியே வைத்தோம், இல்லாவிட்டால் கட்டையும் லாரியோடு ஊர் போய்விடும். இதில் இன்னொரு லாபம்: ஃபோர்க்லிஃப்ட் உள்ளே பிரேக் அடிக்கும்போதெல்லாம், ஹேண்ட் பிரேக் போட்ட லாரிகூடக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். மேடையிலிருந்து லாரிக்குப் பாலம்போல் போடும் இணைப்புத் தகட்டின் விளிம்பு லாரித் தளத்திலிருந்து நழுவுவது அப்படித்தான். கட்டை அதையும் பெருமளவு தடுக்கிறது.

இழுவை வண்டியைக் கழற்றிவிட்டுப் போன டிரெய்லர் என்றால், முன்பக்கம் ஸ்டாண்ட் கொடுக்காமல் ஃபோர்க்லிஃப்ட்டை உள்ளே விடுவதில்லை.